வாட்ச்மேன் மகளுக்கு இதய ஆபரேஷன்: அபார்ட்மென்டில் பணம் திரட்டுவது எப்படி?

மீனா_சரவணம்பட்டி:

எல்லோருக்கும் வணக்கம். கோவையில் 84 வீடுகள் உள்ள அபார்ட்மென்டில் இருக்கிறேன். எங்கள் வாட்ச்மேனுக்குச் சொந்த ஊர் பரமக்குடி பக்கம். மனைவியும் இரண்டு பிள்ளைகளும் அவரோடு கீழே மோட்டார் ரூமை ஒட்டிய அறையில் இருக்கிறார்கள். சங்கம் கொடுக்கும் சம்பளம் மாதம் 9,500. சின்னப் பெண்ணுக்கு இரண்டரை வயது. பிறந்ததிலிருந்தே சளி, மூச்சிரைப்பு, இரண்டு முறை நிமோனியா. எடை ஏறவே இல்லை. போன மாதம் எக்கோ (இதய ஸ்கேன்) எடுத்ததில் இதயத்தின் கீழ் அறைகளுக்கு நடுவே ஓட்டை இருப்பது தெரிந்தது. தானாக மூடுகிற அளவில்லை, ஆபரேஷன் செய்துவிடுவது நல்லது என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஒரு தனியார் மருத்துவமனையில் 3,20,000 ரூபாய்க்கு எஸ்டிமேட் கொடுத்திருக்கிறார்கள்.

சங்க வாட்ஸ்அப் குழுவில் போட நான் ஒரு செய்தி எழுதினேன். "இந்தப் பிஞ்சு உயிர் உங்கள் கையில்" என்று ஆரம்பிக்கும். பாப்பா ஆக்சிஜன் மாஸ்க்கோடு இருக்கும் போட்டோ ஒன்றும் இருக்கிறது. போடுவதற்கு முன்பே ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள். செயலாளர் தன் ஜிபே எண்ணைக் கொடுக்கலாம் என்கிறார். ஒருவர் ஆன்லைன் தளத்தில் போட்டால் ஒரே வாரத்தில் வந்துவிடும் என்கிறார். இன்னொருவர் வருமான வரிக் கழிவுக்கு 80ஜி ரசீது கிடைக்குமா என்று கேட்கிறார். ஐந்தாவது மாடி மாமா, "இப்படி வர்றதெல்லாம் ஏமாத்து வேலை" என்று சொல்லிவிட்டு லிஃப்டில் ஏறிவிட்டார், இத்தனைக்கும் அந்தக் குழந்தை தினமும் அவருக்கு டாட்டா காட்டுகிறது.

பணத்தை யார் கணக்கில் வாங்குவது? போட்டோ போடலாமா? இதைச் செய்து பழகியவர்கள் சொல்லுங்கள்.

கற்பகம்_மதுரை:

மீனா, நான் மருத்துவமனையில் சோஷியல் ஒர்க்கராக இருபது வருடத்துக்கு மேல் இருந்து ஓய்வு பெற்றவள். பெரும்பாலும் குழந்தைகள் வார்டு. எஸ்டிமேட் பேப்பரைக் கையில் பிடித்துக்கொண்டு என் மேஜைக்கு முன்னால் வந்து நின்ற அப்பாக்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

முதலில் அந்த 3,20,000-ஐக் கொஞ்சம் ஒதுக்கி வையுங்கள். அவரிடம் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்ட அட்டை இருக்கிறதா? 2009-இல் கலைஞர் காப்பீட்டுத் திட்டம் என்று வந்தது, 2012-இலிருந்து இந்தப் பெயரில் நடக்கிறது. குடும்பத்துக்கு வருடத்துக்கு 5 லட்சம் வரை. குழந்தைகளின் இதய ஓட்டைக்கான ஆபரேஷன் அதில் உண்டு. அரசு மருத்துவமனையில் மட்டும் என்றில்லை, திட்டத்தில் சேர்ந்திருக்கும் தனியார் மருத்துவமனையிலும் செய்யலாம். வருட வருமானம் 1,20,000-க்குள் இருக்க வேண்டும். உங்கள் சங்கம் கொடுக்கும் சம்பளத்துக்கு அவர் அந்த வரம்பைத் தாண்டவே மாட்டார். அந்த ஒரு விஷயத்தில் உங்கள் சங்கம் அவருக்கு உதவியிருக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம்.

அட்டை இல்லையென்றால் எடுக்க வேண்டும். ரேஷன் கார்டு, ஆதார், வி.ஏ.ஓ. கையெழுத்துப் போட்ட வருமானச் சான்று ஆகியவற்றை எடுத்துக்கொண்டு கலெக்டர் ஆபீஸில் இருக்கும் காப்பீட்டுத் திட்ட மையத்துக்குப் போக வேண்டும். கார்டு ஊர் முகவரியில் இருந்தால் ஒரு தடவை பரமக்குடிக்கு ஓடத்தான் வேண்டும். கிளம்புவதற்கு முன்னால், ரேஷன் கார்டில் பாப்பாவின் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். பாதிக் குடும்பங்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான். மூத்த பிள்ளையோடு கார்டு நின்றுபோயிருக்கும், சின்னதைச் சேர்த்திருக்க மாட்டார்கள். பிறப்புச் சான்றிதழை வைத்து இ-சேவை மையத்தில் சேர்த்துவிடலாம். ஆனால் அதற்குச் சில நாள் பிடிக்கும் என்பதால் அதை இன்றைக்கே ஆரம்பிக்க வேண்டும். சந்தேகம் இருந்தால் திட்டத்தின் கட்டணமில்லா எண் 1800 425 3993.

பிறகு, அந்த எஸ்டிமேட் கொடுத்த மருத்துவமனை திட்டத்தில் இருக்கிறதா, இந்த ஆபரேஷனுக்கு இருக்கிறதா என்று இரண்டையும் தனித்தனியாகக் கேளுங்கள். பொதுவாக "இருக்கோம்" என்பார்கள், குழந்தை இதய ஆபரேஷனுக்கு இருக்க மாட்டார்கள். இல்லையென்றால் வேறு மருத்துவமனை பாருங்கள். இன்னொரு வழியும் இருக்கிறது. 2013-இலிருந்து நடக்கும் ராஷ்ட்ரிய பால் ஸ்வஸ்திய கார்யக்ரம் என்ற திட்டத்தில், பிறவிக் குறைபாடுள்ள 18 வயது வரையிலான பிள்ளைகளைக் கண்டுபிடித்துச் சிகிச்சைக்கு அனுப்புகிறார்கள். பிறவி இதயக் கோளாறு அந்தப் பட்டியலில் உண்டு. அங்கன்வாடியில் சொன்னாலோ, அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் இருக்கும் ஆரம்பநிலை இடையீட்டு மையத்தில் எக்கோ ரிப்போர்ட்டைக் காட்டினாலோ வழி சொல்வார்கள்.

இவ்வளவுக்கும் பிறகு "அப்போ பணமே திரட்ட வேண்டாமா?" என்று கேட்பீர்கள். வேண்டும், ஆனால் வேறு செலவுக்கு.

ஆபரேஷன் பில்லைத் திட்டம் கட்டிவிடும். குடும்பம் உடைவது அதற்கு வெளியே இருக்கிற செலவில். அம்மா வார்டுக்குள் இருப்பார், அப்பா வெளியே இருப்பார். அவருக்கு மூன்று வேளைச் சாப்பாடு, படுக்க ஒரு இடம். மூத்த பிள்ளையை யாரிடமாவது விட வேண்டும், அல்லது பாட்டியை ஊரிலிருந்து வரவழைக்க வேண்டும். ஆபரேஷனுக்கு நாள் குறித்து அட்மிட் ஆன பிறகு குழந்தைக்குச் சளி பிடித்தால் தள்ளிவைத்து வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள், திரும்ப அதே அலைச்சல். டிஸ்சார்ஜ் ஆன பிறகு நெஞ்செலும்பு கூடும் வரை ஒன்றரை மாதம் போலக் கூட்டமான பஸ்ஸில் ஏற்ற முடியாது, ஆட்டோதான். ரிவ்யூவுக்குப் போகிற ஒவ்வொரு நாளும் அப்பாவுக்குச் சம்பளம் போகும். திட்டம் இருந்தும் கம்மல் அடகுக்குப் போவது இதற்காகத்தான். ஆபரேஷனுக்கு நாள் குறித்தும் வராமல் போன குடும்பங்களைக் கேட்டால், பஸ் காசும் லீவும்தான் காரணம் என்பார்கள், பில்லைப் பற்றிப் பேச்சே வராது. அவர்கள் வராத நாட்களில் குழந்தையின் நுரையீரல் ரத்தக் குழாய்களில் அழுத்தம் ஏறிக்கொண்டே போகும். அது ஒரு கட்டத்தைத் தாண்டினால் பிறகு ஓட்டையை மூடவே முடியாது என்று டாக்டர்கள் கைவிரித்துவிடுவார்கள்.

ஆனால் எந்த வேண்டுகோளிலும் "அப்பாவின் சாப்பாட்டுக்கு" என்று எழுதிப் பார்த்ததில்லை. ஆபரேஷன், உயிர், கடைசி நாள் என்றுதான் எழுதுகிறார்கள். அப்படி எழுதினால்தான் பணம் வரும் என்று எல்லோரும் நம்புகிறார்கள். உங்களுக்கு அந்த நாடகம் தேவையில்லை. 84 வீட்டுக்காரர்களுக்கும் அந்தக் குழந்தையைத் தெரியும்.

இப்போது கணக்கு. மருத்துவமனைக்குக் கட்ட வேண்டியது ஏதாவது இருந்தால், குழந்தையின் பதிவு எண்ணைப் போட்டு மருத்துவமனைக் கணக்கில் நேராகக் கட்டி ரசீது வாங்குங்கள். மற்ற செலவுக்குச் சங்கத்தின் வங்கிக் கணக்கு. செயலாளரின் சொந்த ஜிபே வேண்டவே வேண்டாம், அவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும். நல்லவரைத்தான் இந்த மாதிரி விஷயத்தில் பின்னால் நோண்டுவார்கள். மீதி பணம் வந்தால் என்ன செய்வது என்பதைத் திரட்டும் முன்பே எழுதிவிடுங்கள்.

செய்தியில் தேதி போடுங்கள், முடிவுத் தேதியும் போடுங்கள். தேதி இல்லாத செய்தி ஒரு குழுவிலிருந்து இன்னொன்றுக்குத் தாவி வருடக்கணக்கில் சுற்றும். எங்கள் வார்டில் ஒரு பையன் குணமாகிப் பள்ளிக்கூடம் சேர்ந்த பிறகும் அவனுக்கு ரத்தம் வேண்டும் என்று அவன் அப்பாவுக்கு போன் வந்துகொண்டே இருந்தது. கடைசியில் நம்பரை மாற்றினார்.

ஜிபேயை விட முக்கியமானது ரத்தம். இதய ஆபரேஷனுக்கு ரத்தம் தயாராக இருக்க வேண்டும். உங்கள் அபார்ட்மென்டில் 18 வயது முதல் 65 வரை, 45 கிலோவுக்கு மேல் இருக்கும் ஆட்கள் எத்தனை பேர்! எத்தனை பேர் வேண்டும், எப்போது வேண்டும் என்று மருத்துவமனை ரத்த வங்கியில் கேட்டு அதன்படி அனுப்புங்கள். உணர்ச்சிவசப்பட்டு எல்லோரும் ஒரே நாளில் கொடுத்துவிட்டால், ஆபரேஷன் தள்ளிப்போகும்போது ஆளிருக்காது. ஆண்கள் மறுபடி கொடுக்க மூன்று மாதம், பெண்கள் நான்கு மாதம் காத்திருக்க வேண்டும்.

ஆன்லைன் தளங்களை நான் குறை சொல்ல மாட்டேன். முதுகுத்தண்டு நரம்புத் தசை நோய்க்கு ஸோல்ஜென்ஸ்மா ஊசி 16 கோடி என்றபோது, 2021-இல் நம் ஊரிலேயே முகம் தெரியாதவர்கள் சேர்த்துக் கொடுத்தார்கள். அரிய நோய்களுக்கான தேசியக் கொள்கையில் உச்சவரம்பே 50 லட்சம்தான், அதை வைத்து அந்த ஊசியின் பக்கத்தில்கூடப் போக முடியாது. அந்த மாதிரி நிலைமைக்குத் தளம் வேண்டும். இதய ஓட்டைக்கு வேண்டாம். போட்டே ஆக வேண்டுமென்றால், பணம் கட்டும் பக்கத்தில் "டிப்" என்று ஒரு தொகை தானாகச் சேர்ந்திருக்கிறதா என்று பார்த்து, விருப்பமில்லையென்றால் அதைப் பூஜ்யமாக்கலாம் என்று கொடுப்பவர்களுக்குச் சொல்லுங்கள்.

வரவுசெலவு_வரதன்:

கற்பகம் அம்மா சொன்னதோடு கணக்குப் பக்கம் மட்டும் சேர்க்கிறேன். தனி மனிதருக்குக் கொடுக்கும் பணத்துக்கு 80ஜி கிடையாது. உங்கள் குடியிருப்போர் சங்கத்துக்கும் 80ஜி பதிவு இருக்க வாய்ப்பில்லை. பதிவுள்ள அறக்கட்டளை வழியாகக் கொடுத்தால்தான் கிடைக்கும். அதிலும் 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் கழிவு இல்லை. புதிய வரி முறையைத் தேர்ந்தெடுத்தவருக்கு எப்படியும் இல்லை. ரசீது கேட்டவர் எந்த முறையில் இருக்கிறார் என்று ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்கள் மேடம், பாதிப் பேருக்கு அதோடு கேள்வி முடிந்துவிடும்.

இன்னொன்று. வாட்ச்மேன் கணக்கிலேயே நேராகப் போடலாம் என்று யாராவது சொல்வார்கள். அவருடையது முழு ஆவணம் கொடுக்காமல் தொடங்கிய "சிறு கணக்கு" என்றால், அதில் வருடத்துக்கு மொத்தம் 1 லட்சத்துக்கு மேல் வரவு கூடாது, இருப்பு 50,000-ஐத் தாண்டக் கூடாது. ஆபரேஷன் நேரத்தில் கணக்கு முடங்கினால் வங்கி வாசலில் நிற்க வேண்டிவரும். பாஸ்புக்கை எடுத்துக்கொண்டு கிளைக்குப் போய் முழு கேஒய்சி முடித்துவிடச் சொல்லுங்கள். எப்படியும் அவருக்கு நல்லதுதான்.

சங்கக் கணக்கில் வாங்கினால், பொதுக்குழுவில் இல்லாவிட்டாலும் நிர்வாகக் குழுவிலாவது ஒரு தீர்மானம் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். பராமரிப்புப் பணத்தோடு கலக்காமல் தனித் தலைப்பில் காட்டுங்கள். மார்ச் மாதம் ஆடிட் செய்கிறவர் உங்களை வாழ்த்துவார்.

நிலா_அம்மா:

போட்டோ பற்றி மட்டும் எழுதுகிறேன். என் மகளுக்கு நான்கு வயதில் ரத்தப் புற்றுநோய். இரண்டரை வருடச் சிகிச்சை. இப்போது எட்டாம் வகுப்பு, நன்றாக இருக்கிறாள். அந்த நேரத்தில் எங்கள் உறவினர் ஒருவர் நல்ல எண்ணத்தில் அவள் மொட்டைத் தலையோடு, மூக்கில் டியூபோடு அழுகிற படத்தை ஃபேஸ்புக்கில் போட்டார். பணமும் வந்தது, நான் மறுக்கவில்லை. ஆனால் போன வருடம் அவள் வகுப்புப் பையன் ஒருவன் அதைத் தேடி எடுத்து வகுப்புக் குழுவில் போட்டுவிட்டான். இரண்டு நாள் பள்ளிக்கூடம் போகமாட்டேன் என்றாள். "எங்கிட்ட கேட்டுட்டா போட்டீங்க?" என்று கேட்டாள். நான்கு வயதுக் குழந்தையிடம் என்னவென்று கேட்பது? இப்போதும் அந்தப் படத்தை முழுசாக எடுக்க முடியவில்லை, யார் யாரோ பகிர்ந்திருக்கிறார்கள்.

அந்தப் பாப்பாவை உங்கள் குழுவில் எல்லோருக்கும் தெரியும் என்கிறீர்கள். அப்புறம் மாஸ்க் போட்டோ யாருக்கு?

தெற்குமாசிவீதி:

எல்லோரும் கோபப்படலாம், பரவாயில்லை. தனி மனிதர்களுக்குக் கொடுப்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை. யாருக்கு வாட்ஸ்அப்பில் நல்ல தமிழ் எழுதத் தெரிந்த முதலாளி அம்மா இருக்கிறாரோ, அவர் குழந்தைக்குப் பணம் வரும். பக்கத்துத் தெருவில் கட்டட வேலை செய்கிறவர் மகளுக்கு வராது. அடையாறு புற்றுநோய் மருத்துவமனையைப் பாருங்கள். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி தன் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவர். அதற்காக ஒரு தனி மருத்துவமனையே வேண்டும் என்று ஊரெல்லாம் நன்கொடை கேட்டு, 1954-இல் 12 படுக்கைகளோடு தொடங்கினார். பிறகு டாக்டர் சாந்தா அங்கேயே தங்கி அதை வளர்த்தார். கொடுத்தவர்கள் யார் பிழைத்தார்கள் என்று பார்த்துக் கொடுக்கவில்லை. அப்படிக் கொடுத்த காசு இன்றுவரை யார் யார் குழந்தைக்கோ பயன்படுகிறது. நான் வருடா வருடம் அந்த மாதிரி நிறுவனத்துக்குத்தான் கொடுக்கிறேன்.

கற்பகம்_மதுரை:

@தெற்குமாசிவீதி தம்பி, நம்ம ஊர்க்காரர் போலிருக்கிறது. நீங்கள் சொல்வதில் முக்கால்வாசி சரி. நல்ல போட்டோவும் நல்ல எழுத்தும் உள்ளவர்களுக்கே பணம் போகிறது என்பதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். பக்கத்துப் பக்கத்துக் கட்டில், ஒரே நோய், ஒருவருக்கு லட்சக்கணக்கில் வந்தது, இன்னொருவருக்கு என் டிராயரில் இருந்த டீக்காசு. அதனால்தான் வெளியூர் ஆட்கள் கேட்டால் நானும் நிறுவனத்துக்கே கொடுக்கச் சொல்வேன். வெளியூர்ப் புற்றுநோய்க் குழந்தைகளுக்குச் சிகிச்சை முடியும் வரை குடும்பத்தோடு இலவசமாகத் தங்க இடம் கொடுக்கும் செயின்ட் ஜூட்ஸ் மாதிரி அமைப்புக்குக் கொடுங்கள் என்பேன். 2006-இல் மும்பையில் ஆரம்பித்தார்கள், இப்போது சென்னையிலும் வேலூரிலும்கூட இருக்கிறது. நான் மேலே சொன்ன அந்தத் "தங்க இடம்" செலவை அவர்கள் சரியாகப் பிடித்தார்கள்.

ஆனால் மீனாவின் விஷயம் வேறு. இவர்கள் அந்த மனிதரின் முதலாளிகள். ராத்திரி பன்னிரண்டு மணிக்குக் கேட் திறந்துவிடுகிறவர் அவர். இதை நன்கொடை என்று சொல்லவே எனக்குக் கொஞ்சம் கூச்சமாக இருக்கிறது. மீனா, முதலில் சங்கத்தில் கேளுங்கள்: அவர் மருத்துவமனையில் இருக்கிற நாட்களுக்குச் சம்பளம் பிடிக்காமல் இருப்பார்களா? பதில் ஆளுக்கான காசைச் சங்கம் கொடுக்குமா? திரும்பி வந்தால் அதே வேலை இருக்குமா? அவர் மனதில் ஓடுவது இந்த மூன்றாவது கேள்விதான், உங்களிடம் வாய் திறந்து கேட்க மாட்டார்.

மீனா_சரவணம்பட்டி:

எல்லோருக்கும் நன்றி. கற்பகம் அக்கா சொன்னபடி கேட்டுப் பார்த்தேன். ரேஷன் கார்டில் பாப்பா பெயர் இல்லை! பிறப்புச் சான்றிதழ் ஊரில் இருந்தது, அவர் தம்பி அனுப்பிவிட்டார். இ-சேவையில் விண்ணப்பம் கொடுத்தாகிவிட்டது. எஸ்டிமேட் கொடுத்த மருத்துவமனை திட்டத்தில் இருக்கிறது, ஆனால் அக்கா சொன்ன மாதிரியே குழந்தை இதயத்துக்கு இல்லை. இருக்கிற இன்னொரு இடத்தில் அடுத்த வாரம் ஓ.பி. பார்க்கப் போகிறோம்.

நிர்வாகக் குழுவில் சம்பளப் பேச்சை எடுத்ததும் கொஞ்சம் சலசலப்பு. "எல்லாருக்கும் இப்படிக் கொடுக்க ஆரம்பிச்சா?" என்று ஒருவர். நமக்கு இருப்பது ஒரே வாட்ச்மேன் என்று ஞாபகப்படுத்தினேன். இரண்டு மாதச் சம்பளமும் பதில் ஆளும் சங்கச் செலவு, வேலை அவருக்கே என்று தீர்மானம் எழுதிக் கையெழுத்தும் ஆகிவிட்டது. 80ஜி கேட்டவர் புதிய வரி முறையாம். ஐந்தாவது மாடி மாமா, ரத்தம் கொடுக்க வயது 65 வரைதானா என்று என்னிடம் தனியாகக் கேட்டார். அவருக்கு 71.

பழைய செய்தியை எடுத்துவிட்டு இப்படி எழுதியிருக்கிறேன். பாருங்கள்:

"நம் வாட்ச்மேன் அண்ணனின் இளைய மகளுக்கு இதயத்தில் ஓட்டை, ஆபரேஷன் செய்ய வேண்டும். ஆபரேஷன் செலவுக்கு முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் விண்ணப்பிக்கிறோம். அதில் வராத செலவுகளுக்கு மட்டும் பணம் கேட்கிறோம்: அப்பாவின் சாப்பாடு, தங்குமிடம், பாட்டி வந்துபோகும் செலவு, ஆறு வாரத்துக்கு ஆட்டோ, டிஸ்சார்ஜுக்குப் பிறகு மருந்து. மொத்தம் 45,000 ரூபாய். சங்க வங்கிக் கணக்குக்கு மட்டும் அனுப்பவும், குறிப்பில் 'மருத்துவ நிதி' என்று போடவும். 45,000 வந்ததும் அறிவித்து நிறுத்திவிடுவோம். இந்த மாதம் 30-ஆம் தேதிக்குப் பிறகு இந்தச் செய்தி செல்லாது. வாரம் ஒரு முறை வரவு செலவு நோட்டீஸ் போர்டில் இருக்கும். மீதி இருந்தால் பாப்பாவின் ரிவ்யூ செலவுக்கு வைத்திருந்து, ஒரு வருடம் கழித்து அவர்களிடமே கொடுப்போம். அண்ணனிடம் கேட்டுவிட்டுத்தான் இதைப் போடுகிறோம். தயவுசெய்து வெளிக் குழுக்களுக்கு அனுப்ப வேண்டாம்."

கற்பகம்_மதுரை:

போடலாம் மீனா. ரத்தத்தை விட்டுவிட்டீர்கள். அதைத் தனிச் செய்தியாக, ஆபரேஷன் தேதி உறுதியான பிறகு போடுங்கள். அப்புறம், டிஸ்சார்ஜ் ஆகி வந்ததும் பாப்பாவை அக்குளில் கை கொடுத்துத் தூக்கக் கூடாது, நெஞ்செலும்பு இழுபடும். தலைக்குக் கீழே ஒரு கை, இடுப்புக்குக் கீழே ஒரு கை. அந்தக் குழந்தையைத் தூக்க ஆசைப்படுகிற 84 வீட்டுக்காரர்களுக்கும் இதைச் சொல்லிவிடுங்கள். முதல் சில வாரம் யாரும் தூக்காமலிருந்தால் இன்னும் நல்லது.